நேரடி அழைப்பா, மெசேஜ் கியூவா?

ஆர்டர் வாங்கும் சர்வீஸ் (தனியாக ஓடும் புரோகிராம்) ஒன்று. ஒருவர் பொத்தானை அழுத்தியதும் சரக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பணம் எடுக்க வேண்டும், பில் போட வேண்டும், மெயில் அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தனி சர்வீஸ். ரெஸ்ட், ஜிஆர்பிசி போன்ற, சர்வீஸ்கள் ஒன்றையொன்று அழைக்கும் முறைகள் வழியாக ஒவ்வொன்றையும் நேராகக் கூப்பிடலாம். இல்லையென்றால் ‘ஆர்டர் வந்தது’ என்று காஃப்கா போன்ற மெசேஜ் கியூவில் (மெசேஜ்களை வரிசையாகச் சேர்த்து வைக்கும் இடம்) ஒரு மெசேஜ் போட்டுவிட்டு, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று விடலாம்.

நேரடி அழைப்பில் கோடைப் படித்தாலே நடப்பது புரியும். பிழை வந்தால் அந்த இடத்திலேயே தெரியும். ஆனால் ஒன்று படுத்தால் சங்கிலி முழுக்கப் படுத்துவிடும். ஒவ்வொரு சர்வீஸும் 99.9% நேரம் ஓடினாலும், ஐந்தை வரிசையாகக் கோத்தால் மொத்தம் 99.5% தான். மாதம் 43 நிமிட முடக்கம் மூன்றரை மணி நேரமாகிவிடும். ரீட்ரை, அதாவது தோற்ற அழைப்பை மறுபடி முயல்வது, இதைவிட மோசம். மூன்று அடுக்கிலும் தலா மூன்று முயற்சி வைத்திருந்தால், ஏற்கெனவே திணறும் கடைசி சர்வீஸ் மேல் ஒரே கிளிக்குக்கு 27 அழைப்புகள் வரை விழும்.

கியூவில் இந்தச் சிக்கல் இல்லை. மெயில் சர்வீஸ் ஒரு மணி நேரம் படுத்தாலும் ஆர்டர் நிற்காது. எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் ஒரே மெசேஜ் இரண்டு முறை வரலாம். பில் போட்டு முடித்து, ‘முடிந்தது’ என்று பதிவதற்குள் சர்வீஸ் செத்தால், எழுந்ததும் அதே மெசேஜைத் திரும்ப எடுக்கும், இரண்டாவது பில் போகும். அதனால் பில் டேபிளில் ஆர்டர் எண்ணுக்கு யுனிக் கட்டுப்பாடு (ஒரே எண் இரண்டு முறை பதிவாகக் கூடாது என்ற விதி) போடுங்கள். காஃப்காவில் வரிசை மாறாமல் இருப்பது ஒரு பார்ட்டிஷனுக்குள் (மெசேஜ்களைப் பிரித்து வைக்கும் பகுதி) மட்டும்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

சரி, சிஸ்டம் வளரும்போது? எனக்கு இதுதான் முக்கியம். புதிதாக ஒரு மோசடி கண்டறியும் சர்வீஸ் வேண்டுமென்றால், கியூவில் அது மெசேஜை எடுத்துப் படிக்கும் இன்னொரு கன்ஸ்யூமர், அவ்வளவுதான். ஆர்டர் டீமைத் தொந்தரவு செய்யவே வேண்டாம். ஆனால் அனுப்பும் தகவலில் ஒரு ஃபீல்டை (ஒரு கூறை) நீக்க வேண்டுமென்றால் நிலைமை தலைகீழ். நேரடி அழைப்பில் யார் கூப்பிடுகிறார்கள் என்று லாக் (சர்வீஸ் எழுதிவைக்கும் பதிவு) சொல்லும்; அவர்களிடம் பேசி முடித்துவிடலாம். கியூவில் அந்த ஃபீல்டை யார் படிக்கிறார்கள் என்று எந்த லாகும் சொல்லாது. போதாததற்குப் பழைய மெசேஜ்கள் வேறு கிடக்கும். அமைப்பை மாற்றாவிட்டால் காஃப்கா 7 நாள் வைத்திருக்கும். ரீப்ளே செய்தால், அதாவது அவற்றை மறுபடி படிக்க வைத்தால், இன்றைய கோட் போன வார வடிவத்தையும் படித்தாக வேண்டும். புரோட்டோபஃப் (ஃபீல்டுகளை எண்ணால் அடையாளம் காணும் மெசேஜ் வடிவம்) என்றால், நீக்கிய ஃபீல்டின் எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாதபடி ரிசர்வ் செய்துவிடுங்கள். அதே எண்ணை வேறொன்றுக்குக் கொடுத்தால், பழைய மதிப்பைப் புது அர்த்தத்தில் படித்துவிடும், பிழை என்று எதுவும் காட்டாமலே.

என் தேர்வு: முதலில் நேரடி அழைப்பு. அப்புறம் மெயில், பில் என்று பயனர் காத்திருக்கத் தேவையில்லாதவற்றை ஒவ்வொன்றாகக் கியூவுக்கு மாற்றுங்கள். மாற்றும்போது அவுட்பாக்ஸ் டேபிள் (அனுப்ப வேண்டிய மெசேஜ்களை ஆர்டர் டேட்டாபேஸிலேயே எழுதிவைக்கும் டேபிள்) கட்டாயம். ஆர்டரையும் மெசேஜையும், இரண்டும் சேர்ந்தே பதிவாகும்படி, ஒரே டிரான்சாக்‌ஷனில் எழுதாவிட்டால், ஆர்டர் பதிவாகி மெசேஜ் போகாத நாள் ஒன்று வரும்.

பணம் எடுப்பதை மட்டும் நேரடி அழைப்பிலேயே விடுவேன்; பயனருக்கு உடனே பதில் வேண்டும். அங்கேயும் பதில் வராமல் டைம்அவுட் ஆனால் பணம் போனதா இல்லையா என்று தெரியாது. எனவே ஒரே ஆர்டருக்கான எல்லா முயற்சிக்கும் ஒரே அடையாள எண்ணை அனுப்புங்கள். அந்த எண்ணை முன்பே பார்த்திருந்தால் பேமென்ட் சர்வீஸ் மறுபடி பணம் எடுக்காமல் பழைய பதிலையே திருப்பித் தர வேண்டும்.