அண்டர்கட் என்று சொல்லித் தொடைக்கறி தருகிறார்கள்: இறைச்சி வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், கருங்கல், அழகியமண்டபம் பக்கம் வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து வீட்டுக்கே மாட்டிறைச்சி கொண்டு தருகிறவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். எல்லாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அதில் ஒரு கடைக்காரர் 'அண்டர்கட், ஸ்டேக் பீஸ்' என்று விற்பது அண்டர்கட்டே இல்லை. அண்டர்கட் என்பது மாட்டின் இடுப்பை ஒட்டிய மெத்தென்ற கறி, ஸ்டேக் என்பது கறியைக் கனமான துண்டாக வெட்டிச் சட்டியில் சீக்கிரம் வாட்டி எடுப்பது. சாதாரண இறைச்சியைவிடக் கிலோவுக்கு 200 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, தொடைக்கறியையும் முன்னங்கால் தோளில் உள்ள முன்சப்பையையும் வட்டம் வட்டமாக நறுக்கிக் கவரில் அடைத்துத் தருகிறார். காசு கொடுத்து வாங்கி, சமைத்து, வீட்டில் எல்லாருக்கும் பரிமாறியபின் எனக்குத் தெரிந்தது இது. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியும்வரை கடையின் பெயரைப் பொதுவில் போட விரும்பவில்லை. ஏமாற்றும் முறையைத் தெரிந்துகொண்டால் உங்களுக்கே அடையாளம் பிடிபடும்.

எந்தக் கறியானால் என்ன, எல்லாம் இறைச்சிதானே என்று சிலர் கேட்கலாம். நம் வீடுகளில் மாட்டிறைச்சியைக் குக்கரில் வேகவைத்து, தேங்காய்க்கொத்தும் நல்லமிளகும் போட்டு வறட்டுவோம். கூட மரச்சீனிக் கிழங்கு இருக்கும். அந்தச் சமையலில் தொடையானாலும் சப்பையானாலும் குறை தெரியாது, நேரம் கொடுத்தால் எல்லாம் இளகிவிடும். ஸ்டேக்குக்கு அந்த நேரமே கிடையாது. சட்டியில் மொத்தம் ஏழெட்டு நிமிடம்தான். அதற்குள் மெத்தென்று ஆக வேண்டுமென்றால் கறி பிறவியிலேயே மெத்தென்று இருக்க வேண்டும். அண்டர்கட் அப்படிப்பட்டது. முதுகெலும்புக்கு உள்பக்கம், இடுப்பை ஒட்டி நீளமாகக் கிடக்கும் தசை அது. நடப்பதிலும் பாரம் இழுப்பதிலும் அதற்குப் பெரிய வேலை இல்லாததால் நார் குறைவு. காளையானாலும் போத்தானாலும் (எருமைக்கடா) ஒரு மாட்டுக்கு இரண்டே இரண்டு துண்டுதான். விலை கூடுவதும் அதனால்தான். தொடையும் சப்பையும் நாள் முழுக்க உழைக்கிற தசைகள். அவற்றைக் கட்டிப் பிடித்திருக்கும் கொலாஜன் என்ற நார்ப்புரதம் ஈரச் சூட்டில் நெடுநேரம் கிடந்தால்தான் இளகி, கூழ் போன்ற ஜெலட்டினாக மாறும்.

என் தம்பி கப்பலில் சமையல் வேலை பார்த்தவன். ஒரே சட்டியில் ஸ்டேக்கும் உருளைக்கிழங்கும் செய்வதை அவன்தான் எனக்குச் சொல்லித் தந்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்து, டியூஷன் பிள்ளைகளை அனுப்பியபிறகு நின்று சமைக்க எனக்கு இதைவிடச் சுலபமான ராத்திரிச் சாப்பாடு இல்லை. கனமான இரும்புச் சட்டியைக் காயவைத்து எண்ணெய் ஊற்றி, பெருவிரல் நகம் அளவுக்கு வெட்டின உருளைக்கிழங்கை உப்புப் போட்டு முதலில் இறக்க வேண்டும். பாதி மூடி வைத்தால் கால் மணி நேரத்தில் உள்ளே வெந்து வெளியே பொன்னிறமாகும். அதை எடுத்துவைத்துவிட்டு, ஒரு அங்குல கனத்தில் வெட்டின கறியைத் துணியால் ஒற்றி ஈரமே இல்லாமல் துடைத்து, உப்பும் இடித்த நல்லமிளகும் தடவி அதே சட்டியில் போட வேண்டும். ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம். கடைசியில் வெண்ணெய், தட்டின பூண்டு, கொஞ்சம் கறிவேப்பிலை. கறியைத் தட்டில் ஐந்து நிமிடம் ஆறவிட்டு, சட்டியில் மிஞ்சின சாறில் கிழங்கைத் திரும்பப் போட்டுப் பிரட்டினால் வேலை முடிந்தது. கழுவவும் ஒரே பாத்திரம்தான்.

துடைப்பதைச் சும்மா சொல்லவில்லை. கறி சிவக்க மேல்பரப்பு ஏறக்குறைய 140 டிகிரி தாண்ட வேண்டும். தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரிக்கு மேல் ஏறாது. ஈரக் கறி சட்டியில் வேகுமே தவிர சிவக்காது.

நான் ஏமாந்த அந்தப் புதன்கிழமை, இந்தக் கடையிலிருந்து வந்த பாக்கெட்டில் 1 கிலோ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. 'காலையில வெட்டினது, டீச்சரே' என்று கொண்டுவந்த பையன் சொன்னான். பிரித்ததும் அடியில் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. வடித்துவிட்டு வீட்டுத் தராசில் வைத்தேன்: 860 கிராம். காலையில் வெட்டின கறியில் இவ்வளவு தண்ணீர் விடாது. உறையவைத்து உருக்கின கறியில்தான் இப்படி வடியும். உள்ளே ஐஸ் ஊசி ஊசியாகக் கட்டித் தசையைக் கிழித்துவிடும். சரி, எடையில் ஏமாற்றியிருக்கிறார்கள், காலையில் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்து, பாதியை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு மீதியைத் துடைத்துச் சட்டியில் போட்டேன்.

போட்டதும் சீறிய சத்தம் ஒரு நிமிடத்தில் அடங்கிவிட்டது. கறியைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் தண்ணீர் பொங்கி, நுரை கட்டி, கொதிக்கத் தொடங்கியது. தீயைக் கூட்டிப் பார்த்தேன். தண்ணீர் வற்றி முடிவதற்குள் துண்டுகள் ஓரம் சுருண்டு கிண்ணம் மாதிரி குழிந்துவிட்டன. அந்தச் சாறில் பிரட்டின கிழங்கும் மொறுமொறுப்பு போய் நமுத்துவிட்டது. அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. அவர் மெல்லுவதற்குத் தோதாக இருக்கும் என்றுதான் கூடுதல் விலை கொடுத்து அண்டர்கட் வாங்குகிறேன். ஒரு துண்டை ரொம்ப நேரம் மென்றுவிட்டு, எதுவும் சொல்லாமல் தட்டின் ஓரத்தில் எடுத்து வைத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிள்ளைகள் மோரூற்றிச் சோறு சாப்பிட்டுப் படுத்தார்கள்.

ராத்திரியே கடைக்காரருக்குப் போன் பண்ணினேன். அவர் பதற்றமே இல்லாமல் சொன்னார்: 'டீச்சரே, அது நல்ல அண்டர்கட்டுதான். நீங்க வேகவச்சது பத்தாது. குக்கர்ல நாலு விசில் விட்டுப் பாருங்க.'

'அண்ணே, அண்டர்கட்டை யாராவது குக்கர்ல போடுவாங்களா?' என்று கேட்டேன். பதில் இல்லை. மறுநாள் படங்களை அனுப்பினதும் என் நம்பரைப் பிளாக் செய்துவிட்டார்.

ஃப்ரிட்ஜில் இருந்த துண்டுகளை, நாங்கள் பல வருடமாக வாங்குகிற சந்தைக் கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். அந்த அண்ணன் கட்டையில் வரிசையாகப் பரத்திவைத்தார். பெரும்பாலானவை தொடையில் உருளையாக இருக்கும் கறி. இரண்டு துண்டு மட்டும் முன்சப்பை. ஒரே பாக்கெட்டில் இரண்டு இடத்துக் கறி. அவர் காட்டித் தந்ததை அப்படியே சொல்கிறேன். அண்டர்கட் ஒரு முனை தடித்து மறுமுனை வாலாக மெலிந்து போகும். அதனால் நறுக்கினால் வட்டங்கள் பெரிதிலிருந்து சிறிதாகக் குறைந்துகொண்டே வரும். எல்லா வட்டமும் அச்சில் வார்த்தது போல ஒரே அளவில் இருந்தால் அது தொடை. சப்பையில் உள்ளது பார்ப்பதற்கு அண்டர்கட் மாதிரியே கூம்பாக இருப்பதால் அதில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். ஆனால் நடுவில் வெள்ளையாக ஒரு சவ்வுக் கோடு ஓடும். விரலால் அமுக்கினாலும் தெரியும். அண்டர்கட்டின் இழை நைசாக இருக்கும், விரல் சுலபமாகப் புதையும். தொடையின் இழை முரடாகத் தனித்தனியாகத் தெரியும்.

அந்தக் கறி கெட்டுப்போனதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மிச்சத்தைக் குக்கரில் வேகவைத்து வறட்டினபோது நன்றாகவே இருந்தது, அப்பாவும் சாப்பிட்டார். தொடைக்கறி என்று சொல்லி தொடைக்கறி விலைக்குத் தந்திருந்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆகவே ஸ்டேக்குக்கு வாங்குகிறவர்கள் நறுக்கின பாக்கெட்டை வாங்கவே வாங்காதீர்கள். அண்டர்கட்டை முழுத் துண்டாகக் காட்டச் சொல்லி, உங்கள் கண் முன்னால் வெட்டி வாங்குங்கள். மேலே உள்ள வெள்ளிச் சவ்வை உரித்துத் தரச் சொன்னால் நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். வீட்டுக்கு வரவழைத்தே ஆக வேண்டுமென்றால், வெட்டுவதற்கு முன் முழுத் துண்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கொண்டு வந்ததும் பையன் நிற்கும்போதே பிரித்து, தண்ணீரை வடித்து எடை போடுங்கள். அடைத்து விற்கிற பாக்கெட்டில் அடைத்தவர் பெயர், முகவரி, நிகர எடை, தேதி, விலை, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் (உணவுப் பாதுகாப்பு உரிம எண்) எல்லாம் இருக்க வேண்டும். எனக்கு வந்ததில் கடைப் பெயரும் '1 கிலோ'வும் மட்டும்தான்.

புகார் கொடுப்பது நான் பயந்த அளவுக்குச் சிரமமாக இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழ்நாட்டில் எடைக் குறைவையும் பாக்கெட்டில் விவரம் போடாததையும் தொழிலாளர் துறை அதிகாரிகள் கவனிக்கிறார்கள். கறியின் பெயரை மாற்றி விற்பதை உணவுப் பாதுகாப்புத் துறையிடம் சொல்ல வேண்டும். இதிலெல்லாம் தீரவில்லை என்றால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்குக்குக் கட்டணம் கிடையாது. நான் பில், ஸ்டிக்கர், தராசுப் படம், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாம் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.

இதே மாதிரி வட்டத் துண்டுகள் உங்களுக்கும் வந்திருந்தால் கவரைத் தூக்கி எறியாதீர்கள். ஸ்டிக்கரோடு படமெடுத்து, பணம் அனுப்பின ரசீதையும் வைத்துக்கொண்டு எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். ஒரே கடை மேல் நாலைந்து பேர் சேர்ந்து கொடுத்தால் அதிகாரிகள் நேரில் வந்து பார்க்க வாய்ப்பு அதிகம்.