ஹெட்லைட் உள்ளே கறுப்படித்த பின் மூட: பியூட்டைலா, சிலிக்கனா?

ஹெட்லைட்டைத் திறந்து உள்ளே கறுப்புப் பெயின்ட் அடிப்பது சுலபம். 600 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, பிளாஸ்டிக் பிரைமர் பூசி, மெல்லிய பூச்சு மூன்று அடித்தால் போதும். வெளிச்சத்தைத் திருப்பும் கண்ணாடிக் கிண்ணத்தில் மட்டும் ஒரு துளியும் படக்கூடாது. நுவரெலியா, ஹட்டன் போன்ற மலைப் பக்கம் வேலை கெடுவது மூடும் இடத்தில்தான். லென்ஸும் (முன் மூடி) லைட்டின் உடம்பும் சேரும் மூட்டில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் மழையும் மூடுபனியும் உள்ளே போய்விடும்.

விலை: சிலிக்கன் மலிவு, எந்த ஹாட்வெயார் கடையிலும் உண்டு. பியூட்டைல் கயிறு (ரப்பர் போன்ற ஒட்டும் பசை) கூடுதல் விலை, தேடித்தான் வாங்க வேண்டும்.

ஒட்டுதல்: பழைய பியூட்டைல் பிசின் மீது புது பியூட்டைல் பிடிக்கும். சிலிக்கன் பிடிக்காது, லென்ஸ் உட்காரும் பள்ளத்தைச் சுத்தமாகச் சுரண்ட வேண்டும். வினாகிரி வாடை வரும் சிலிக்கன் வேண்டவே வேண்டாம். அது காயும்போது வரும் அமில ஆவி உள்ளே வெள்ளி போல் பளபளக்கும் பூச்சை மங்கச் செய்யும். ‘நியூட்ரல்’ என்று எழுதியதை மட்டும் வாங்குங்கள்.

நேரம்: பியூட்டைலைச் சூடாக்கி அமுக்கி, கிளிப்பும் ஸ்குரூ ஆணியும் போட்டால் முடிந்தது. சிலிக்கனுக்குக் குறைந்தது 24 மணி நேரம். மலைக் குளிரில் இன்னும் இழுக்கும்.

மறுபடி திறக்க: பியூட்டைல் சூட்டில் இளகும். சிலிக்கனைக் கத்தியால்தான் அறுக்க வேண்டும், லென்ஸ் விளிம்பு உடையலாம்.

பிறகு திறக்க வாய்ப்புள்ளவர்களுக்குப் பியூட்டைல்தான். கம்பெனியிலேயே சூட்டுக்கு இளகாத பசை போட்டு, அறுத்துத் திறந்த லைட்டுக்கு நியூட்ரல் சிலிக்கன் பொருந்தும். எதுவானாலும் பெயின்ட் வாடை முழுதாகப் போன பிறகே மூடுங்கள். இல்லையென்றால் அந்த ஆவி லென்ஸின் உட்பக்கம் படிந்துவிடும்.