நாலு வருஷ வீட்டு சர்வரும் பீரோவில் தூங்கிய டிஸ்க்கும்

"மாமா, இந்தக் கல்யாணத்தை ஏத்தி முடிக்கிறதுக்குள்ள அவங்களுக்கு வளைகாப்பே வந்துடும் போல."

2024 தை மாதம், எங்கள் வீட்டு சர்வரில் வீடியோ ஏற்றிக்கொண்டே மச்சினன் இப்படிச் சொன்னபோது சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அவன் கல்யாண வீடியோ எடுப்பவன். முகூர்த்தம், ரிசப்ஷன் இரண்டும் சேர்ந்தால் 300 ஜிபி சர்வ சாதாரணம். எங்கள் வீட்டு நெட்வொர்க்கில் அது முக்கால் மணி நேர வேலை. அன்றைக்கு ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தான். காலையில் டிகாக்‌ஷன் இறங்கும்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

சர்வர் என்று பெருமையாகச் சொல்கிறேனே தவிர, அது ஏதோ ஒரு ஆபீஸ் கழித்துப் போட்ட டெஸ்க்டாப். 2021 ஜூலையில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி, 16 ஜிபி ராம் போட்டு, 4 டிபி டிஸ்க் நாலு மாட்டினேன். டெபியன் என்ற லினக்ஸ் மேல் ஓப்பன்மீடியாவால்ட் என்ற ஸ்டோரேஜ் சாஃப்ட்வேர், டிஸ்க்குகள் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் ரெய்டு-இசட்1 அமைப்பு. அதாவது ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா போகாது. சும்மா இருக்கும்போது 45 வாட் இழுக்கிறது. ரெண்டு மாதத்துக்குக் கிட்டத்தட்ட 65 யூனிட். அரசு தரும் 100 யூனிட் இலவசத்தில் பாதிக்கு மேல் இதுவே தின்றுவிடுகிறது என்று வீட்டில் ஒரு நிரந்தரக் குறை உண்டு.

முதல் ரெண்டரை வருஷம் சொல்ல ஒன்றுமில்லை. நொடிக்கு 110 எம்பி, எப்போது போட்டாலும். கிகாபிட் நெட்வொர்க்கில் அதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க முடியாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். கரன்ட் போய்ப் போய் வந்த அந்த வாரத்தில் ஒரு டிஸ்க் படுத்துவிட்டது. புயலால்தான் போனதா, போகிற நேரம் வந்து போனதா, தெரியாது. வாரண்டி இருந்தது. ஆனால் மாற்று டிஸ்க் வரும்வரை மூன்று டிஸ்க்கில் ஓட்டப் பயம். தண்ணீர் வடிந்ததும் நேராகக் கடைக்குப் போய், "4 டிபி இருக்கா?" என்று கேட்டேன். இருந்தது. விலையும் குறைவு. சந்தோஷமாக வாங்கி வந்து மாட்டினேன். மீதி மூன்றிலிருந்து டேட்டாவைப் படித்து இதை நிரப்பி முடிக்க மூன்றரை நாள் ஆனது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

தையில் மச்சினன் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவே எனக்குச் சித்திரை வரை ஆனது. வெயிலில் டிஸ்க்குகள் 50 டிகிரியைத் தொட்டிருந்ததால், சூடுதான் காரணம் என்று நினைத்துப் பெரிய ஃபேன் ஒன்றை மாட்டினேன். சூடு 43-க்கு இறங்கியது. வேகம் அப்படியே. அடுத்தது நெட்வொர்க். நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப் ஓட்டிப் பார்த்தால் 940 மெகாபிட், அங்கே ஒரு குறையும் இல்லை. ராமை மாற்றலாமா, சாஃப்ட்வேரை அழித்துப் புதிதாகப் போடலாமா என்றெல்லாம் ரெண்டு வாரம் ஓட்டினேன். வெட்டி வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு பெரிய ஃபைலை ஏற்றிவிட்டு வேக வரைபடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் விஷயம் புரிந்தது: மந்தம் ஒன்றல்ல, ரெண்டு. திடீரென்று பத்துப் பதினைந்து நொடி அப்படியே நின்று, பிறகு பழைய வேகத்தில் ஓடுவது ஒன்று. அதைத் திக்கல் என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று தேய்தல்: 110-ல் தொடங்கி, முதல் சில பத்து ஜிபி வரை ஜம்மென்று போய், பிறகு 30, 15, 8 என்று இறங்கி அங்கேயே கிடப்பது. ரெண்டையும் ஒரே நோயாக நினைத்ததால்தான் எதை மாற்றினாலும் பலன் இல்லாதது போலத் தெரிந்திருக்கிறது.

திக்கல் சுலபமாக மாட்டியது. டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றி வைத்திருக்கும் கணக்கைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் 199-ம் எண் வரி, டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே வழியில் கெட்டுப்போன டேட்டாவின் கணக்கு. மூன்று டிஸ்க்கில் பூஜ்யம், ரெண்டாவது டிஸ்க்கில் 1,800-க்கு மேல். டிஸ்க்கே கெட்டுப்போனால் ஏறக்கூடிய 5-ம் வரியும் 197-ம் வரியும் சுத்தமாக இருந்தன. சிஸ்டத்தின் மையமான கெர்னல் எழுதிவைக்கும் பதிவில் அந்த இணைப்பின் வேகம் 6 கிகாபிட்டிலிருந்து 1.5-க்கு இறக்கப்பட்டிருந்தது. 1.5 என்றாலும் நொடிக்கு 150 எம்பி தாங்கும். ஆனால் பிழை வரும்போது இணைப்பு அறுந்து மறுபடி ஒட்ட வேண்டும், அந்த நேரம்தான் திக்கல்.

திறந்து பார்த்தேன். டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளின் பூட்டு க்ளிப் உடைந்து, கேபினட் கதவு அதை ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டிருந்தது. இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. உள்ளே தங்க நிறத் தகடுகளில் ரெண்டு, பழைய ஐந்து பைசா மாதிரி மங்கிக் கிடந்தன. எங்கள் வீடு திருவான்மியூரில், கடலிலிருந்து ரெண்டு தெரு தள்ளி. ஜன்னல் கம்பியையும் சைக்கிள் செயினையும் தின்கிற உப்புக் காற்று இதை மட்டும் விட்டுவைக்குமா? டிஸ்க் பக்கத்தை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் துடைத்து, புதுக் கேபிள் போட்டேன். 199-ம் வரியின் எண் ஏறினால் ஏறியதுதான், இறங்காது. அதனால் அன்றைய எண்ணையும் தேதியையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி கேபினட்டில் ஒட்டினேன். இன்றுவரை அதே எண்.

திக்கல் போனது. தேய்தல் போகவில்லை.

இந்த முறை ஒவ்வொரு டிஸ்க்கின் வேலையையும் தனித்தனியாகக் காட்டும் ஐஓஸ்டாட்டை ஓடவிட்டுக் காப்பி போட்டேன். மூன்று டிஸ்க்குகள் ஒவ்வொரு முறை டேட்டா எழுதவும் பத்துப் பதினைந்து மில்லிசெகண்ட் எடுக்க, நாலாவது 900-ஐத் தாண்டி நூறு சதவீத வேலையில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. சாமி தூக்கும் நாலு பேரில் ஒருவர் முள் குத்தி நின்றால் சாமியும் நின்றுவிடும் அல்லவா? ரெய்டு-இசட்டும் அப்படித்தான். அதைவிட எனக்கு வினோதமாகப் பட்டது, காப்பியை நிறுத்திய பிறகும் அந்த ஒரு டிஸ்க் மட்டும் இருபது நிமிஷம் 'கர்... கர்' என்று தனக்குத்தானே எதையோ செய்துகொண்டிருந்தது. புயலுக்கு அப்புறம் அவசரத்தில் வாங்கியது அதுதான்.

மாடல் எண்ணைத் தேடினால் எஸ்எம்ஆர் டிஸ்க். ஓட்டு வீடு பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஓடுகளை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி அடுக்குவது போல, இதில் டேட்டாத் தடங்களை அடுக்கி அதே தட்டில் அதிகம் திணிக்கிறார்கள். கீழ் வரிசையில் ஒன்றை மாற்ற வேண்டுமானால் மேலே இருப்பவற்றையும் கழற்றித் திரும்ப அடுக்க வேண்டும். அந்தச் சிரமம் தெரியாமலிருக்க, சாதாரண முறையில் எழுதும் சிறு பகுதி ஒன்றை ஒதுக்கி, முதலில் அதில் வாங்கிக்கொள்ளும். அது நிரம்பும்வரை ஜோர். நிரம்பியதும் 8 எம்பி. காப்பி முடிந்த பின் கேட்ட சத்தம், அங்கிருந்ததை உரிய இடத்துக்கு மாற்றி அடுக்கும் சத்தம். இந்த வகையை வெளிப்படையாகச் சொல்லாமல் விற்றதைப் பெரிய தயாரிப்பாளர்கள் 2020 ஏப்ரலில்தான் ஒப்புக்கொண்டார்கள். இப்போது மாடல் வாரியாகப் பட்டியலே கிடைக்கிறது. கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. நான் கேட்டது 4 டிபி, அவர் கொடுத்ததும் 4 டிபி.

இதில் கொடுமை என்னவென்றால், பழைய டிஸ்க்குக்கு வாரண்டியில் வந்த மாற்று, அதே பழைய மாடல், தடங்களை இப்படி அடுக்காத சிஎம்ஆர் வகை, பிப்ரவரியிலேயே வந்து சீல் பிரிக்காமல் பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது. 'ஸ்பேர் இருக்கட்டும்' என்று பத்திரப்படுத்தியிருந்தேன். மாட்டினேன். ஆறு மணி நேரத்தில் நிரம்பியது. மறுநாள் 300 ஜிபியை ஏற்றிப் பார்த்தேன்: தொடக்கம் முதல் முடிவு வரை 110.

சரியாகாததும் ஒன்று உண்டு. மூவாயிரம் போட்டோ உள்ள ஃபோல்டரைத் திறந்தால் சின்னப் படங்கள் தோன்ற இன்னும் நேரம் பிடிக்கிறது. இது பழுது கிடையாது. 5400 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 90 சுற்று. ஆங்காங்கே சிதறிய சிறு ஃபைல்களை நொடிக்கு அறுபது, எழுபது தடவைக்கு மேல் போய் எடுக்க அதனால் முடியாது. நாலு டிஸ்க் இருந்தாலும் இந்த அமைப்பில் அந்தக் கணக்கு ஒரு டிஸ்க்குக்கு உண்டானதுதான். மச்சினனின் லேப்டாப்பில் முன்னோட்டப் படங்களை எஸ்எஸ்டியிலேயே வைத்துக்கொள்ளும்படி மாற்றிக் கொடுத்தேன், சமாளிக்கிறான்.

எஸ்எம்ஆர் டிஸ்க்கை வீசவில்லை. ஒரு யுஎஸ்பி பெட்டியில் போட்டு, டெலிவரி முடிந்த கல்யாணங்களை மாதம் ஒருமுறை அதில் எழுதிவைக்கிறேன். ஒரு தடவை எழுதி அப்படியே வைக்கிற வேலைக்கு அது தாராளம். ராத்திரி போட்டால் காலையில் முடிந்திருக்கும், அவசரம் யாருக்கு? முதலில் வாங்கியதில் மிச்சமிருக்கும் மூன்று டிஸ்க்குகளும் 37,000 மணி நேரத்தைத் தாண்டிவிட்டன. அடுத்த ஸ்பேர் வாங்க வேண்டும். மாடல் எண்ணை எழுதிய சீட்டு இப்போதே பர்ஸில் இருக்கிறது.