லிச்சியா, அவகாடோவா, டிராகனா? துணை வெப்பமண்டலத் தோட்டத்துக்கு எதை நடலாம்

துணை வெப்பமண்டலத்தில், அதாவது வெப்பமண்டலத்தை ஒட்டிய, குளிர்காலம் ஓரளவு குளிரும் பகுதிகளில், புதுப்பயிர் என்றாலே பேச்சு நேராக விலைக்குப் போய்விடுகிறது. விலை வருஷத்துக்கு வருஷம் மாறும். உங்கள் குளிர்காலமும் மண்ணின் வடிகாலும் அப்படி மாறாது. அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

லிச்சி பூக்க வேண்டுமென்றால் குளிர்காலம் குளிராகவும் வறண்டும் இருக்க வேண்டும். குளிர் குறைந்து இடையில் மழையும் பெய்தால், பூங்கொத்து வரவேண்டிய நுனியில் செம்பழுப்புத் தளிர் வந்து நிற்கும். அந்த வருஷ மகசூல் போச்சு. எல்லாம் கூடி வந்து காய்த்தாலும் ஒரு வருஷம் அமோகம், மறு வருஷம் சொற்பம் என்பது அதன் சுபாவம். பறித்தபின் பழுக்காது என்பதால் பழம் பழுத்த பிறகுதான் பறிக்க முடியும். வெளியில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் சிவப்புத் தோல் பழுப்பாகிவிடும். உள்ளே சதை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் வாங்குபவர் தோலைத்தானே பார்க்கிறார்!

இந்த இடத்தில்தான் அவகாடோ ஜெயிக்கிறது. அது மரத்தில் பழுப்பதில்லை. முற்றிய காயைச் சில வாரம் மரத்திலேயே விட்டுவைக்கலாம். சந்தை மந்தமா? சரி, பொறுத்துப் பறியுங்கள். கலிஃபோர்னியாவில் பிறந்து 1935-இல் காப்புரிமை பெற்ற ஹாஸ் ரகம் உலகச் சந்தையைப் பிடித்ததற்கு, அதன் தடித்த தோல் தூரப் பயணத்தைத் தாங்குவதும் ஒரு காரணம்.

பூ மட்டும் கொஞ்சம் விசித்திரம். ஒவ்வொரு பூவும் இரண்டு முறை விரியும்: முதலில் பெண்ணாக, மறுநாள் ஆணாக. ஹாஸ் காலையில் பெண்ணாக விரியும். அந்த நேரத்தில் ஆணாக விரிந்திருக்கும் ஃபுவெர்ட்டே போன்ற ரகம் பக்கத்தில் இருந்தால் காய்ப்பிடிப்பு கூடும். நிஜமான எதிரி வேரழுகல்தான். இரண்டடிக் குழி வெட்டி நீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் அந்த மண்ணில் அவகாடோ வேண்டாம். களிமண்ணில் மேட்டுப்பாத்தி ஓரளவு உதவும், ஆனால் நான் அந்தப் பந்தயத்துக்கு வரமாட்டேன். உப்புத் தண்ணீரும் ஆகாது.

டிராகன் பழம் வேறு கணக்கு. கள்ளி இனம், தண்ணீர் குறைவாகப் போதும், இரண்டாம் வருஷமே காய்க்கும். செடி ஏறிப் படரத் தூண் நடும் செலவு முதலிலேயே வந்துவிடும். பூ ஒரே ஒரு இரவுதான் விரிந்திருக்கும். சிவப்புச் சதை ரகங்கள் பலவற்றுக்கு வேறு ரகத்தின் மகரந்தம் வேண்டும், அதனால் இரவில் தூரிகையோடு தோட்டத்தைச் சுற்ற ஆள் தேவை. உறைபனி விழும் இடத்துக்கு ஆகாது. முழுத் தோட்டமாக நான் போடமாட்டேன். ஒட்டு அவகாடோ காய்க்க மூன்று நான்கு வருஷம் ஆகும். அதுவரை கைச்செலவுக்கு டிராகனை ஒரு மூலையில் போடலாம்.

மெக்கடேமியா என்ற கொட்டை மரத்தையும் கேட்பார்கள். கொட்டை தானே உதிரும், பொறுக்கி உலர்த்தினால் நெடுநாள் இருக்கும், அவசரமே இல்லை. ஆனால் காய்க்க நாளாகும், பலத்த காற்றில் கிளை முறியும். காற்றுத்தடுப்பு மரவரிசை எழும்பிய பிறகு கன்று வையுங்கள்.