செரிமானத்துக்குச் சரி, மீத்தேனுக்குச் சான்று இல்லை: ஓர் ஈஸ்ட் தீவனத் தூள்

செரிமானத்தைச் சீராக்கும், புவியைச் சூடாக்கும் வாயுவான மீத்தேனின் வெளியேற்றத்தையும் குறைக்கும் என்ற இரண்டு வாக்குறுதிகளோடு விற்கப்படும் உயிருள்ள ஈஸ்ட் தூள் ஒன்றை, கன்று ஈன்று நல்ல கறவையில் இருந்த எங்கள் கலப்பின மாடுகளுக்குத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தோம். முதல் வாக்குறுதியைத் தூள் காப்பாற்றியது. இரண்டாவதை எந்த ஆதாரத்தில் அச்சிட்டார்கள் என்பது பையைத் திருப்பித் திருப்பிப் படித்தும் விளங்கவில்லை.

மாற்றத்தைச் சாணமே காட்டியது. பாலுக்காக மக்காச்சோள மாவைக் கூட்டும்போது மாட்டின் முதல் வயிற்றில் அமிலம் மிகுந்து சாணம் குமிழி விட்டு இளகிப் போவதும், அதைச் சல்லடையில் இட்டு நீரூற்றி அலசினால் செரிக்காத சோளக் குருணை தங்குவதும் மாடு வளர்ப்போர் அறிந்ததே. தூள் கொடுக்கத் தொடங்கிய சில வாரங்களில் சாணம் கெட்டிப்பட்டது. சல்லடையில் தங்கும் குருணை வெகுவாகக் குறைந்தது. மதிய வேளையில் படுத்து அசைபோடும் மாடுகளும் கூடின. தீவனத்தோடு முதல் வயிற்றுக்குள் புகும் ஆக்சிஜனை ஈஸ்ட் எடுத்துக்கொள்வதால் நார்ச்சத்தைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. லாக்டிக் அமிலத்தை உண்ணும் நுண்ணுயிர்களும் ஊக்கம் பெறுகின்றன. பாலில் கொழுப்புச் சத்தும் சற்றே உயர்ந்தது. ஆனால் அதே சமயத்தில் சோளத்தட்டையையும் கூட்டியிருந்ததால், அந்த உயர்வைத் தூளின் கணக்கில் எழுத மனம் வரவில்லை.

சூடான கஞ்சியில் கலந்தால் ஈஸ்ட் செத்துவிடும் என்ற எச்சரிக்கை பையில் இல்லாதது பெரிய குறை. தவிட்டைக் காய்ச்சி ஊற்றும் வீடுகள் இன்னும் எத்தனையோ உள்ளன. அங்கெல்லாம் இந்தத் தூள் வெறும் செலவுதான்.

மாடு வெளியேற்றும் மீத்தேனில் பெரும்பகுதி ஏப்பமாக வாய் வழியே போகிறது. உண்ட தீவனத்தின் மொத்த ஆற்றலில் 2 முதல் 12 சதவீதம் வரை இப்படி வீணாகிறது. அதை அளக்க மூச்சுக்காற்றைச் சேகரிக்கும் அறையோ கருவியோ வேண்டும். கொட்டகையில் நின்று பார்த்துச் சொல்ல இயலாது. ஈஸ்ட் குறித்த ஆய்வு முடிவுகளும் இந்த விஷயத்தில் ஒன்றுபோல் இல்லை. பெங்களூரில் உள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் நிறைந்த தாவரப் பொருள்களிலிருந்து உருவாக்கிய 'ஹரித் தாரா' என்ற தீவனச் சேர்க்கையோ, மீத்தேனை 17 முதல் 20 சதவீதம் வரை குறைக்கும் என்று எண்ணோடு அறிவிக்கப்பட்டது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியமும் 2024இல் அமெரிக்காவும் அனுமதித்த 'போவேர்' என்ற இன்னொரு தீவனச் சேர்க்கை, மீத்தேன் உருவாகும் கடைசிப் படியிலுள்ள நொதியையே தடுப்பதால், கறவை மாடுகளில் சுமார் 30 சதவீதக் குறைப்பைக் காட்டுகிறது. ஆயினும் அதன் வேலை சில மணி நேரமே நீடிப்பதால், எல்லாத் தீவனத்தையும் ஒன்றாகக் கலந்து நாள் முழுதும் தின்னத் தரும் பெரிய பண்ணைகளுக்கே அது பொருந்தும். பகலெல்லாம் மேய்ந்து மாலையில் ஒரு வாளி தீவனம் தின்னும் மாட்டுக்கு அன்று. எங்கள் பையிலோ ஒரு பச்சை இலைப் படம் இருந்தது, சதவீதம் இல்லை.

கன்று ஈன்ற புதிதில் அடர்தீவனம் அதிகம் தின்னும் மாட்டுக்கு இதைத் தயங்காமல் வாங்கலாம். வைக்கோலை நம்பி நிற்கும் பால் வற்றிய மாட்டுக்கு அந்தப் பணத்தில் தாது உப்புக் கலவை வாங்குவது மேல். ஒன்றிரண்டு மாடு வைத்திருப்போர், பிரித்த பை ஈரம் கோத்துக் கட்டி தட்டிவிடும் என்பதால், சிறிய பொட்டலமாகக் கேட்டு வாங்க வேண்டும்.