டோல் ஆண்டு பாஸ்: வாங்கலாம், ஆனால் பெட்ரோல் பங்க் கணக்கையும் பார்த்துவிடுங்கள்

ஃபாஸ்டேக் (டோல்கேட்டில் பணம் தானாகக் கழிய கார் கண்ணாடியில் ஒட்டும் டேக்) ஆண்டு பாஸ் எப்படி என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் வேலை, தெற்கே ஊர், சொந்தக் கார், வருஷத்துக்கு மூன்று தடவையாவது போய்வரும் பழக்கம், இவ்வளவும் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், வாங்குங்கள். பொங்கலுக்கு மட்டும் ஊருக்குப் போகிறவர் என்றால் வேண்டாம். டிராவல்ஸ் வண்டி, மஞ்சள் போர்டு, லாரி எதற்கும் இது கிடையாது, அவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அல்லது தொடர்ந்து படியுங்கள், ஏனென்றால் எனக்கு இந்த பாஸைவிட அதன் பின்னால் இருக்கும் கணக்குதான் அதிகம் உறுத்துகிறது.

விஷயம் இதுதான். 2025 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆரம்ப விலை ₹3,000, ஒரு வருஷம் அல்லது 200 பயணம், எது முதலில் தீர்கிறதோ அதுவரை. இதில் 'பயணம்' என்பது வீட்டிலிருந்து ஊர்வரை இல்லை, ஒரு டோல்கேட்டைத் தாண்டினால் ஒன்று, திரும்பி வந்தால் இன்னொன்று. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் ராஜ்மார்க்யாத்ரா ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டால் சரிபார்க்கிறது, ஓடிபி வருகிறது, யுபிஐயில் கட்டினால் இரண்டு மணி நேரத்துக்குள் பாஸ் உயிர் பெற்றுவிடுகிறது. புது டேக் வாங்க வேண்டியதில்லை, கண்ணாடியில் ஏற்கெனவே ஒட்டியிருப்பதே போதும். ஆனால் டேக்கில் இருக்கும் பணத்தை இதற்குப் பயன்படுத்த முடியாது, தனியாகத்தான் கட்ட வேண்டும். வண்டி வாங்கிய புதிதில் சேசிஸ் நம்பரில் எடுத்த டேக்காக இருந்தால் பதிவு எண்ணை ஏற்றிவிட்டு அப்புறம் வாருங்கள்.

சென்னை மதுரை ரூட்டில் பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம், பூதக்குடி, சிட்டம்பட்டி என்று எட்டு கேட். போக வர பதினாறு. அந்த ஆரம்ப விலைக் கணக்கில், பாஸ் இல்லாமல் ஒரு கேட்டுக்குச் சராசரியாக எழுபது ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் நாற்பத்து மூன்றாவது கேட்டில் போட்ட காசு வந்துவிடும், அதாவது மூன்றாவது தடவை போய்த் திரும்பும்போது. அதற்கப்புறம் எல்லாம் லாபம். 200-ஐயும் பயன்படுத்தினால் கேட்டுக்கு ₹15. இந்த ரூட்டில் கேட்டுக்குக் கேட் ஏறத்தாழ 57 கிலோமீட்டர் வருகிறது என்பதால் கிலோமீட்டருக்கு 26 பைசா. நாலுவழிச் சாலைக்கு இது கொள்ளை மலிவு, பொருளாக மட்டும் பார்த்தால் ஐந்துக்கு நாலரை தருவேன்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பாஸ் இருந்தாலும் வரிசை வரிசைதான். தீபாவளிக்கு முந்தின நாள் பரனூரில் யாருக்கும் தனிப் பாதை கிடையாது. ஒரு கேட்டில் மேலே இருந்த ஸ்கேனர் டேக்கைப் படிக்கவில்லை, பையன் கையில் ஒரு மெஷினை எடுத்துக்கொண்டு வந்து கண்ணாடியோடு ஒட்டிவைத்துப் பார்க்கிறான், பின்னால் இருபது வண்டி ஹார்ன் அடிக்கிறது. தேசிய நெடுஞ்சாலைக்கு மட்டும்தான் பாஸ் செல்லும் என்பதையும் நிறைய பேர் கவனிப்பதில்லை. வண்டலூரில் இறங்கி மீஞ்சூர் போகும் வெளிவட்டச் சாலையில் ஏறினால் அது மாநில அரசின் சாலை, அங்கே பழையபடி டேக்கில் இருக்கும் பணம்தான் கழியும். அதில் இருப்பு இல்லாமல் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். வண்டியை விற்றால் பாஸ் உங்களோடு வராது, மிச்சப் பணமும் திரும்பாது.

சரி, இப்போது கணக்கு. மதுரைக்குப் போய்வர என் வண்டிக்குச் சுமார் 60 லிட்டர் பெட்ரோல் ஆகும். பங்க்கில் தரும் பில்லை எடுத்துப் பாருங்கள், லிட்டர் எவ்வளவு, விலை எவ்வளவு, மொத்தம் எவ்வளவு, அவ்வளவுதான். ஹோட்டலில் இட்லி சாப்பிட்டால்கூட மத்திய அரசுக்கு எவ்வளவு, மாநிலத்துக்கு எவ்வளவு என்று இரண்டு வரி போட்டுத் தருகிறார்கள், இதில் ஒன்றும் இல்லை. 2025 ஏப்ரலில் ஏற்றியதோடு சேர்த்துப் பெட்ரோலுக்கு மத்திய கலால் வரி லிட்டருக்கு ₹21.90 ஆனது. தமிழ்நாட்டு வாட் (மாநில விற்பனை வரி) 13 சதவீதமும் அதற்கு மேல் லிட்டருக்கு ₹11.52-ம். இரண்டையும் கூட்டினால் 2025 சென்னை விலையில் 43, 44 ரூபாய் வரி. அறுபது லிட்டருக்குச் சுமார் ₹2,600.

அந்த ₹21.90-ஐயும் பிரித்துப் பார்க்க வேண்டும். அடிப்படைக் கலால் வெறும் ₹1.40. மாநிலங்களோடு பகிர வேண்டிய தொகுப்புக்குப் போவது இது மட்டும்தான். மீதி எல்லாம் சிறப்புக் கூடுதல் கலால் ₹13, வேளாண் செஸ் (ஒரு வேலைக்கென்று பெயர் சொல்லி வாங்கும் கூடுதல் வரி) ₹2.50, அப்புறம் சாலை மற்றும் உள்கட்டமைப்பு செஸ் ₹5. நம்மூர் நிதியமைச்சர்கள் டெல்லியைத் திட்டுவது இதைத்தான், யார் ஆட்சியில் இருந்தாலும் இந்தப் புகார் நியாயமானதுதான். சாலை என்று பெயர் சொல்லி வாங்கும் ஐந்து ரூபாயை மட்டும் எடுத்தால் ஒரு மதுரைப் பயணத்துக்கு ₹300. பாஸில் பதினாறு கேட்டுக்கு ₹240. ஆக நான் டோலில் கொடுப்பதைவிட அதிகமாக, அதே சாலையின் பெயரால், பங்க்கிலேயே கொடுத்துவிட்டுத்தான் பரனூருக்கு வந்து நிற்கிறேன். வண்டி வாங்கும்போது ஆர்டிஓவில் கட்டிய ஆயுள் வரி தனி. 2023-இல் ஏற்றிய பிறகு பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரை உள்ள காருக்கு அதுவே 18 சதவீதம்.

இந்த செஸ் ஒரு காலத்தில் நியாயமாகத்தான் ஆரம்பித்தது. 1998-இல் பெட்ரோலுக்கு, அடுத்த வருஷம் டீசலுக்கு, லிட்டருக்கு ஒரு ரூபாய். 2000-இல் மத்திய சாலை நிதிச் சட்டம் வந்தது, நாலு பெருநகரங்களை இணைக்கும் தங்க நாற்கரச் சாலைக்கும் கிராமச் சாலைகளுக்கும் அந்தக் காசு போனது, சாலை கண்ணுக்குத் தெரிந்தது, யாரும் முணுமுணுக்கவில்லை. 2018-இல் சட்டத்தின் பெயரில் 'உள்கட்டமைப்பு' என்ற சொல்லைச் சேர்த்தார்கள், அதோடு ரயில்வே, நீர்வழி என்று பங்காளிகள் கூடிவிட்டார்கள். 2020 மே மாதம், ஊரடங்கில் கச்சா எண்ணெய் தரைக்கு வந்த நேரம், செஸ் லிட்டருக்கு ₹18 வரை ஏறியது. அந்த நாட்களில் டோல் ஒரு ரூபாயாவது குறைந்ததா? இல்லை. டோல் ஒவ்வொரு வருஷமும் ஏறும், விதியிலேயே வருஷத்துக்கு 3 சதவீதம் நிச்சயம், அதற்கு மேல் மொத்த விலைக் குறியீட்டு உயர்வில் 40 சதவீதம்.

அதற்காகப் பெட்ரோல் வரியே அநியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. சாலைக்குக் காசு வாங்க அதைவிட எளிமையான மீட்டர் கிடையாது. அதிகம் ஓட்டினால் அதிகம் கட்டுகிறோம், கேட் வேண்டாம், ஸ்கேனர் வேண்டாம், வரிசை வேண்டாம். லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் கொடுக்கும் பைக் அந்த செஸ்ஸில் கிலோமீட்டருக்குப் பத்துப் பைசா தருகிறது, என் கார் முப்பத்து மூன்று பைசா தருகிறது. சாலையை அடைத்துக்கொண்டு போகிறவன் நான்தான், கூடக் கொடுப்பதும் நான்தான், சரியாகத்தான் இருக்கிறது. ஆண்டு பாஸ் இதற்கு நேர் எதிர்: அதிகம் ஓட்டுகிறவனுக்குச் சலுகை, வருஷத்துக்கு ஒரு தடவை திருச்செந்தூர் போகும் குடும்பம் முழு விலை கொடுக்கிறது. எனக்கு லாபம்தான், ஆனால் நியாயமா என்றால் இல்லை.

இரண்டு இடத்தில் பெட்ரோல், டீசல் வரியும் உதைக்கிறது. ஒன்று லாரி. தார்ச்சாலையை உடைப்பது அச்சின் மேல் விழும் சுமை. அச்சுச் சுமை இரண்டு மடங்கானால் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்கு என்பது 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் இதற்கென்றே போட்ட சோதனைச் சாலையில் லாரிகளை ஓட்டிப் பார்த்துக் கண்டது, இன்றும் பொறியாளர்கள் கையாளும் விதி. ஆனால் லாரி குடிக்கும் டீசல் காரைப்போல நாலைந்து மடங்குதான், அந்த டீசலுக்கு வரியும் குறைவு, 2025 ஏப்ரல் கணக்கில் மத்திய அரசு ₹17.80, மாநிலம் 11 சதவீதமும் ₹9.62-ம். அதனால் கனரக வண்டிக்குத் தனி டோல் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். லாரிக்காரர்கள் கோபப்படுவார்கள் என்று தெரியும், அவர்கள் கட்டும் டோல் கடைசியில் கோயம்பேட்டுத் தக்காளி விலையில்தான் வந்து விழுகிறது என்பதும் தெரியும். கோபம் நியாயம்தான், டோலும் கட்டி டீசலில் சாலை செஸ்ஸும் கட்டுகிறார்கள்.

இன்னொன்று மின்சாரக் கார். பெட்ரோல் பங்க் பக்கமே போகாதவர் இந்த வரியில் ஒரு பைசா தருவதில்லை, தமிழ்நாட்டில் ஆயுள் வரியிலும் விலக்கு தந்திருக்கிறார்கள். பாஸ் வாங்கிவிட்டால் கேட்டுக்குப் பதினைந்து ரூபாய், சாலைக்கென்று அவர் தருவது அதோடு சரி. வண்டி வாங்க வைக்கத் தந்த சலுகை, புரிகிறது. ஆனால் தெருவில் பாதி கார் மின்சாரத்தில் ஓடும் நாளில் அந்த மீட்டர் நின்றுவிடும், அப்போது டோல் ஒன்றுதான் கையில் இருக்கும். பைக்குக்கு டோல் கிடையாது என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அது அன்றைக்கும் இருக்குமா என்று எனக்குச் சந்தேகம். இன்றைக்கும் பைக்காரர் சும்மா போகவில்லை, டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வயலுக்குப் போகிறவர் நாலுவழிச் சாலையில் ஏறாமலே லிட்டருக்கு அதே ஐந்து ரூபாயைத் தந்துகொண்டுதான் இருக்கிறார்.

காருக்காவது இரண்டில் ஒன்றை எடுங்கள் என்பதுதான் என் கட்சி. சாலை செஸ்ஸை வைத்துக்கொண்டால் அது சாலைக்கே போகிறது என்று பங்க் பில்லில் அச்சடித்துக் காட்டுங்கள், டோலை எடுத்துவிடுங்கள். டோல்தான் வேண்டும் என்றால் பெட்ரோலில் அந்த ஐந்து ரூபாய் எதற்கு?

அதுவரை பாஸ் வாங்குகிறவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம். 200 தீர்ந்ததும் டேக் தானாகப் பழைய முறைக்கு மாறி முழுக் கட்டணம் கழியத் தொடங்கும், ஆகவே ஊருக்குக் கிளம்பும் முன் ஆப்பில் மிச்சம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். டேக்கில் பணம் இல்லாமல் மாட்டினால் ரொக்கத்துக்கு இரண்டு மடங்கு, யுபிஐக்கு ஒன்றேகால் மடங்கு என்று 2025 நவம்பரில் விதி வந்தது. வீட்டிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஒரே கேட்டைத் தினமும் தாண்டுகிறவர் என்றால் இந்த பாஸ் உங்களுக்கு இல்லை, நூறு நாளில் 200 தீர்ந்துவிடும். உள்ளூர்க்காரர்களுக்கான மாதாந்திர பாஸையே எடுங்கள்.