நாற்பது சதுர அடியில் மழைத் தோட்டம்: சில பருவமழைகளுக்குப் பிறகு

மாடியிலிருந்து இறங்கும் மழைநீரைச் செடிகள் நட்ட ஒரு பள்ளத்தில் தேக்கி, மண்ணுக்குள் இறங்கவிடுவதுதான் மழைத் தோட்டம். கும்பகோணத்தில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடு எங்களுடையது. 800 சதுர அடி மாடியில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 1,850 லிட்டர் தண்ணீர் இறங்கும். அதை ஆறு அங்குல ஆழத்தில் தேக்க 130 சதுர அடிக்கு மேல் இடம் வேண்டும், கரைச்சரிவுக்குத் தனியாக இன்னும் கொஞ்சம். 1990 வாக்கில் அமெரிக்காவின் மேரிலாந்தில், புல்வெளி சூழ்ந்த வீடுகளுக்காக உருவான மழைத் தோட்ட முறைக்கு அது பொருந்தும். எங்கள் கொல்லையில் கிடைத்ததோ பத்தடிக்கு நாலடி.

ஆகவே சரிவைக் கைவிட்டு, நான்கு பக்கமும் செங்கல் சுவரை நேராக எழுப்பி மூன்றடி இறங்கினோம். அடியில் ஓரடி ஜல்லி, அதன்மேல் ஓரடி மணலும் மட்கிய எருவும் கலந்த மண், மேலே நீர் நிற்க ஓரடி வெற்றிடம். ஜல்லி இடுக்குகள் ஐந்தில் இரண்டு பங்கும் மண்கலவை கால் பங்கும் நீர் கொள்ளும் என்று கணக்கிட்டால், அதே 1,850 லிட்டர் 40 சதுர அடியில் அடங்கிவிடும். இன்னும் ஆழப்படுத்தலாமா என்று கேட்டதற்கு, "நாலடிக்குக் கீழ போனா கார்த்திகையில ஊத்துத் தண்ணியே உள்ள வந்துடும் சார்" என்றார் கொத்தனார்.

ஐப்பசி மழைக்கு மறுநாள் மாலைக்குள் பள்ளம் வடிந்துவிடுகிறது. கார்த்திகையில் களிமண் ஊறி, நிலத்தடி நீரும் ஏறியபின் வடிவது மிகவும் மந்தம். தெருச் சாக்கடையின் மட்டம் எங்கள் ஜல்லிப் படுகையைவிட உயரத்தில் இருப்பதால் வடிகுழாய் பதிக்கவும் வழியில்லை. கொசு வளர ஒரு வாரம் போதும் என்பதால், அடைமழை நாள்களில் மேலே நிற்கும் நீரைச் சிறு மோட்டார் வைத்துத் தெருவுக்கு இறைத்துவிடுகிறோம். பள்ளத்தில் நட்டிருக்கும் கல்வாழை இதையெல்லாம் பொருட்படுத்துவதில்லை.

இடத்தைக் குறைத்ததற்கு உண்மையான விலை வண்டல்தான். மாடித் தூசியும் வேப்பஞ்சருகும் முன்பு சொன்ன 130 சதுர அடியில் மூன்றில் ஒரு பங்கில் மட்டுமே விழுவதால், மேல்மண்ணில் பாலேடு போல ஒரு படலம் விரைவிலேயே படிந்து நீரை இறங்கவிடாமல் தடுக்கிறது. குழாய் வாயில் ஒரு சிறு வண்டல் தொட்டி கட்டியபின் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. ஆயினும் ஆண்டுதோறும் புரட்டாசியில் மேல்மண்ணை இரண்டு அங்குலம் சுரண்டி எடுத்துப் புது மணல் போட வேண்டியிருக்கிறது. வாய்க்கால் கரையில், கார்த்திகையில் கிணற்று நீர் இரண்டடியில் நிற்கும் வீடுகளுக்கு இந்த ஆழம் உதவாது. அவர்கள் மாடிக் குழாயடியில் பெரிய தண்ணீர்த் தொட்டி ஒன்றை வைத்து, அதில் நிரம்பி வழிவதை மட்டும் ஆழமில்லாத சிறு பாத்திக்கு விடுவதே நல்லது.